பார்க்கிறார்கள், கூடையில் போடுகிறார்கள், வாங்குவதில்லை

கேள்வி: 8 ஜூன் 2025

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டிய கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தபடியே நாய், பூனைகளுக்கான கழுத்துப்பட்டை, சங்கிலி, ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி), படுக்கை, தீனித் தட்டு முதலியவற்றை இணையத்தில் விற்று வருகிறேன். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குச் செலவழித்தால் ஆட்கள் வருகிறார்கள். சிலர் கூடையில் போடவும் செய்கிறார்கள். பணம் கட்டும் பக்கம் வந்ததும் காணாமல் போய்விடுகிறார்கள். நேற்று நூறு பேர் வந்தும் ஒரு ஆர்டர் கூட விழவில்லை. விலைதான் காரணம் என்கிறார் என் கணவர். எல்லாப் பொருளுக்கும் இருபது சதவீதம் தள்ளுபடி போட்டுவிடலாமா?

9 ஜூன் 2025

இப்போதைக்குப் போட வேண்டாம். நூறு பேர் வந்து ஒருவரும் வாங்காத ஒரு நாளை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. உங்கள் கடையில் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்குவது வழக்கம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குறிப்பிட்ட நாளில் வரும் நூறு பேரில் ஒருவர் கூட வாங்காமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 13 சதவீதம் இருக்கிறது. அதாவது, எந்தக் குறையும் இல்லாத கடையிலும் ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை இப்படி ஒரு வெறும் நாள் வந்தே தீரும். அன்றைக்கு இரவு உட்கார்ந்து விலையை மாற்றுகிறவர்கள்தான் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

தள்ளுபடிக் கணக்கையும் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 399 ரூபாய்க்கு விற்கும் பட்டையின் கொள்முதல் 180, கூரியர் 70, அட்டைப்பெட்டியும் டேப்பும் 10 என்று கொண்டால், வரியை ஒதுக்கிவைத்த நிலையில் கையில் நிற்பது 139 ரூபாய். இருபது சதவீதம் குறைத்தால் 80 ரூபாய் போய் 59தான் மிஞ்சும். இதுவரை சம்பாதித்ததையே சம்பாதிக்க இரண்டு மடங்குக்கும் மேல் விற்றாக வேண்டும். வாங்குகிறவர் எங்கே தயங்குகிறார் என்று தெரியாமலே அவருக்கு 80 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதே தயக்கத்தோடு அவரைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்பிருக்கிறது.

11 ஜூன் 2025

பக்கத்தின் இரண்டு வடிவங்களை உருவாக்கி, வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, எதில் அதிகம் விற்கிறது என்று பார்க்கலாமே என்று கேட்டிருக்கும் சேலத்து நண்பருக்கு: பெரிய நிறுவனத்துக்கு அது நல்ல முறைதான். ஆனால் இரண்டு சதவீதமாக இருக்கும் விகிதம் இரண்டரையாக உயர்ந்ததா இல்லையா என்பதை வழக்கமான புள்ளியியல் நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 14,000 பேர் வர வேண்டும். நாளொன்றுக்கு நூறு பேர் வரும் கடையில் இரண்டு வடிவங்களையும் சோதித்து முடிக்க ஒன்பது மாதத்துக்கும் மேல் ஆகும். அதற்குள் ஓணம், தீபாவளி, மழை என்று எல்லாம் வந்து கணக்கைக் கலைத்துவிடும். பொத்தானின் நிறம் பச்சையா ஆரஞ்சா என்பதைக் கண்டுபிடிக்க இத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை.

சிறிய கடைக்காரர் எண்ண வேண்டியது சதவீதத்தை அல்ல, கேள்விகளை. வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்து ஏதோ ஒன்றைக் கேட்கிறார் என்றால், அதே ஐயம் எழுந்து, கேட்காமலே போய்விட்டவர்கள் பலர் இருப்பார்கள். கடந்த மூன்று மாத வாட்ஸ்அப் உரையாடல்களைத் திறந்து, வாங்குவதற்கு முன் கேட்கப்பட்ட கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அளவு, கூரியர், எத்தனை நாளில் வரும், மாற்றித் தருவீர்களா என்று நான்கைந்து கட்டுகளாக அவை தாமே பிரிந்துவிடும். மிகப் பெரிய கட்டு எதுவோ, அதற்கான பதில் பொருளின் படத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும்.

11 ஜூன் 2025, இரவு

சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று. வருகைக் கணக்கில் உங்கள் கைபேசியும் உங்கள் வீட்டாரின் கைபேசிகளும் விழாதபடி முதலில் விலக்கிவிடுங்கள். சிறிய கடையில் கடைக்காரரே நாளுக்குப் பத்து முறை தம் கடையைத் திறந்து பார்ப்பார். நூறில் பத்து அதிலேயே போய்விடும்.

15 ஜூன் 2025

கேள்வி கேட்ட சகோதரி தமது வாட்ஸ்அப் கேள்விகளைத் தொகுத்து எழுதியிருக்கிறார். முக்கால்வாசி அளவைப் பற்றியவை. "எங்க சிப்பிப்பாறைக்கு இது கழன்று வராதுங்களா?" என்பது ஒன்று. "கன்னிக்கு எம் பத்துங்களா, இல்ல எல் வாங்கோணுங்களா?" என்பது இன்னொன்று. பக்கத்து ஊரான வண்ணாமடையில் இருக்கும் எங்கள் கடைக்கும் வாரந்தோறும் இதே கேள்விகள் வருகின்றன. நாங்கள் மூக்கணாங்கயிறும் பிடிகயிறும் சலங்கையும் விற்ற குடும்பம். நாய்ப் பொருளுக்கு வந்தது பிற்பாடு. கடைக்கு நேரில் வருகிறவர் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பார்த்துத் தாமே முடிவு செய்துகொள்வார். கேள்வியே கேட்க மாட்டார். இணையத்தில் அந்த இழுத்துப் பார்க்கும் வேலையை எழுத்தும் படமும் செய்தாக வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கத்தில் இருக்கும் அளவு அட்டவணையைப் பார்த்தேன். மொத்த வியாபாரி கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள்: பக், பீகிள், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று இனத்தின் பெயருக்கு நேராக எஸ், எம், எல். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் தோட்டத்தில் நாய் வளர்க்கிறவரிடம் இருப்பது சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை அல்லது பெயரில்லாத நாட்டு நாய். அவருடைய நாய்க்கு உங்கள் அட்டவணையில் இடமே இல்லை. அவர் எப்படி வாங்குவார்?

இடம் கொடுத்தால் மட்டும் போதாது. பொருளும் மாற வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி வேட்டையாடும் இனங்கள். தலை நீண்டு குறுகியிருக்கும். கழுத்துக்கும் தலைக்கும் சுற்றளவில் பெரிய வித்தியாசம் இராது. சாதாரணக் கொக்கிப் பட்டையை எவ்வளவு சரியாகப் போட்டாலும், நாய் பின்வாங்கித் தலையைத் தாழ்த்தி ஓர் இழு இழுத்தால் பட்டை காதைத் தாண்டி வந்துவிடும். கழன்றுவிடுமோ என்று பயந்து இறுக்கிக் கட்டினால் கழுத்தில் புண்தான் மிச்சம். இவற்றுக்கு ஏற்றது இரண்டு வளையம் கொண்ட மார்ட்டிங்கேல் பட்டை. இழுக்கும்போது குறிப்பிட்ட அளவு மட்டும் இறுகி, விட்டதும் தளரும். அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் அழுத்தம் பரவி, கழுத்தை அறுக்காது. இதை நீங்கள் விற்கிறீர்கள். ஆனால் "பிரீமியம் டிரெயினிங் காலர்" என்ற தலைப்பில், எதற்கென்றே சொல்லாமல், நாலாம் வரிசையில் வைத்திருக்கிறீர்கள். அதை மேலே கொண்டுவந்து, ஒரு சிப்பிப்பாறையின் கழுத்தில் போட்டுப் படமெடுத்து, "தலை குறுகிய நாய்க்குக் கழலாத பட்டை" என்று எழுதிப் பாருங்கள்.

அளவெடுக்கும் முறையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். கழுத்தில் பட்டை கிடக்கும் இடத்தில் தையல் டேப்பைச் சுற்றி, இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்வு விட்டு, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ள வேண்டும். மார்ட்டிங்கேல் தலைவழியாகப் போடுவது என்பதால், காதுக்கு முன்னால் தலையின் அகன்ற இடத்தையும் அளக்க வேண்டும். ஹார்னஸுக்கு முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு. ராஜபாளையத்துக்கு நெஞ்சு ஆழமாக இருக்கும் என்பதால் எடையை வைத்து ஊகிப்பது அறவே கூடாது. டேப் இல்லாத வீட்டில் நூலைச் சுற்றி அந்த நூலை ஸ்கேலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்று வரியும் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலையாளத்தில்தான் வாசிக்கிறார்கள்.

16 ஜூன் 2025

கம்பத்திலிருந்து ஒருவர், கோம்பையையும் சிப்பிப்பாறை, கன்னியோடு ஒரே பட்டியலில் சேர்த்தது சரியில்லை என்கிறார். உத்தமபாளையம் வட்டத்தில் கோம்பை என்ற ஊரின் பெயரையே தாங்கிய இனத்தைப் பற்றி அந்தப் பக்கத்துக்காரர் சொல்வதை மறுக்க முடியாது. கோம்பைக்குத் தலை அகன்றது. சாதாரணப் பட்டையே நிற்கும். அங்கே பார்க்க வேண்டியது கொக்கியின் பலத்தை. பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம், பித்தளை அல்லது எஃகு வளையம் என்று அந்தப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.

24 ஜூன் 2025

இப்போது பணம் கட்டும் பக்கத்துக்கு வருவோம். கூடையில் போட்டவர்களில் பெரும்பாலோர் வாங்காமல் போவது உலகெங்கும் உள்ளதுதான். பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரி சுமார் 70 சதவீதம். காரணங்களில் முதலிடம் பெறுவது கடைசியில் சேர்க்கப்படும் கூடுதல் செலவு. உங்கள் கடையில் அது கூரியர் கட்டணம். பட்டை 349 என்று பார்த்து வந்தவருக்குக் கடைசிப் பக்கத்தில் 349 உடன் 90 சேர்ந்து 439 என்று காட்டுகிறீர்கள். 439 என்பது அவருக்குக் கட்டுபடியாகாத தொகையாக இருக்க வேண்டியதில்லை; தம்மிடம் மறைத்துவைத்தார்கள் என்ற எரிச்சலே அவரைத் துரத்தப் போதும்.

எல்லையில் இருக்கும் நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. எங்கள் கூரியர் ஒப்பந்தத்தில் மாநிலத்துக்குள் ஒரு கட்டணம், வெளிமாநிலத்துக்கு அதைவிடக் கூடுதல். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காசர்கோட்டுக்குக் குறைந்த கட்டணம். பைக்கில் போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பக்கூடிய பொள்ளாச்சிக்குக் கூடுதல். பொள்ளாச்சிக்காரருக்கு இது எப்படிப் புரியும்? கடை முகவரி கொழிஞ்சாம்பாறை என்று பார்த்து, பக்கத்து ஊர்தானே என்று நினைத்திருப்பவரிடம் 90 ரூபாய் கேட்டால் ஏமாற்று என்றுதான் தோன்றும்.

நான் கடைப்பிடிப்பது இது: பின்கோடு 642 என்று தொடங்கும் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துக்கும், 678 என்று தொடங்கும் பாலக்காட்டு வட்டாரத்துக்கும் ஒரே கட்டணம், குறைகிற பணத்தைப் பொருளின் விலையில் சிறிது சிறிதாக ஏற்றிவிடுகிறேன். பொருள் பக்கத்திலேயே பின்கோடு போடும் கட்டம் ஒன்று இருக்கிறது. போட்டதும், மொத்தம் எவ்வளவு, எந்தக் கிழமைக்குள் வரும் என்ற இரண்டும் தெரியும். கூடைக்குப் போகும் முன்பே எல்லாம் தெரிந்துவிடுவதால், கூடையில் போடுகிறவர்களின் எண்ணிக்கை குறையும். அதைக் கண்டு கலங்க வேண்டாம்; குறைகிறவர்கள் எப்படியும் கடைசிப் பக்கத்தில் போகப்போகிறவர்கள்தான்.

25 ஜூன் 2025

கூரியரை முழுவதுமாக விலைக்குள் அடக்கி, "டெலிவரி இலவசம்" என்று போடலாமா என்று கேட்கிறார்கள். ஒற்றைப் பொருள் வாங்குகிறவர்களே அதிகம் என்றால் போடலாம். பட்டையும் சங்கிலியும் சேர்த்து வாங்குகிறவர் இரண்டு கூரியர் கட்டணத்தைக் கட்டி ஒரு பொட்டலத்தைப் பெறுவார் என்பதை மறக்கக் கூடாது. கணக்குத் தெரிந்தவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது பொருளுக்கு 50 ரூபாய் குறைவு என்று ஒரு வரி போட்டால் சரியாகிவிடும். எங்கள் கடையில் சங்கிலி விற்கத் தொடங்கியதே அந்த வரிக்குப் பிறகுதான்.

2 ஜூலை 2025

விலகிப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். பொள்ளாச்சிக்கு விற்பது பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து, வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் போய்விட்டதால், எல்லையே இல்லாதது போலத் தோன்றும். சட்டத்தில் எல்லை அப்படியே இருக்கிறது. கேரளத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநில எல்லை தாண்டி வரிக்குரிய பொருளை விற்றால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க இயலாது. 2023 அக்டோபர் முதல் பதிவில்லாத சிறு வியாபாரிகள் பெரிய இணையச் சந்தைகளில் விற்கலாம் என்று வந்த சலுகையும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான்.

பதிவெண் வாங்கிய பிறகு அதைப் பக்கத்தின் அடியில் போட்டுவையுங்கள். பெயர் தெரியாத கடையில் முதன்முறை பணம் கட்டுகிறவர் அடிவரைக்கும் இறங்கி முகவரியையும் அதையும் தேடிப் பார்ப்பது உண்டு.

20 ஜூலை 2025

சகோதரி தமது கடையின் முகவரிப் படிவத்தைக் காட்டி, இதில் என்ன குறை என்று கேட்டிருந்தார். நானே ஒரு வாடிக்கையாளராக நிரப்பிப் பார்த்தேன். முதல் கட்டம் முதற்பெயர். இரண்டாவது குடும்பப்பெயர், கட்டாயம், இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் யாருக்குக் குடும்பப்பெயர் இருக்கிறது? இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட்டால் சிவப்பில் எச்சரிக்கை வருகிறது. அப்பா பெயரை முழுவதும் போடலாமா, இரண்டு முறை தம் பெயரையே போடலாமா, போட்டால் கூரியர்காரர் அடையாள அட்டை கேட்பாரா என்று ஒருவர் யோசிக்கத் தொடங்கும் இடத்தில் விற்பனை நின்றுவிடும்.

அடுத்தது முகவரி. படிவம் கதவு எண்ணையும் தெருவையும் கட்டாயமாகக் கேட்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அது சரி. இந்தப் பக்கம் பல வீடுகளுக்கு வீட்டுப்பெயரும் தபால் நிலையத்தின் பெயரும்தான் முகவரி. கதவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே தெரியாது. இங்கே ஒரு வாடிக்கையாளர் எண் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, தெரு என்ற இடத்தில் "பள்ளிவாசலுக்கு எதிரில்" என்று எழுதியிருந்தார், அவர் பொறுமைசாலி. பொறுமையில்லாதவர்களின் முகவரி நமக்கு வந்து சேர்வதே இல்லை.

பெயருக்கு ஒரே கட்டம் போதும். முகவரிக்கு "வீட்டுப்பெயர் அல்லது கதவு எண்" என்று ஒன்று, "தெரு, ஊர், அடையாளம்" என்று ஒன்று, பிறகு பின்கோடு. பின்கோட்டிலிருந்து மாவட்டமும் மாநிலமும் தாமே நிரம்ப வேண்டும். கணக்கு தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதையும் எடுத்துவிடுங்கள். கைபேசி எண் ஒன்று இருந்தால் கூரியருக்கும் உங்களுக்கும் போதும். இந்த இழையில் நான் எழுதியவற்றிலேயே காசு செலவில்லாமல், ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடக்கூடியது இதுதான். ஆனாலும் யாரும் செய்வதில்லை.

5 ஆகஸ்ட் 2025

கேஷ் ஆன் டெலிவரி இல்லாமல் கிராமத்தில் விற்கவே முடியாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது உண்மை. முன்பு சொன்ன 399 ரூபாய்ப் பட்டையையே எடுத்துக்கொள்வோம். போய்ச் சேர்ந்தால் 139 ரூபாய் லாபம். வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டால், போன கூரியர் 70, திரும்பி வரும் கூரியர் 60, பெட்டிச் செலவு 10, ஆக 140 ரூபாய் நட்டம். திரும்பி வரும் ஒவ்வொரு பொட்டலமும் போய்ச் சேர்ந்த ஒன்றின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

பத்து ஆர்டரில் மூன்று திரும்பினால் மிஞ்சுவது 553 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்தி, முன்பணம் கட்டுகிறவருக்கு 20 ரூபாய் குறைத்து, பணப் பரிமாற்றக் கட்டணமாக 9 ரூபாயைக் கழித்தாலும் ஓர் ஆர்டருக்கு 110 நிற்கும். ஆறு ஆர்டர் வந்தாலே 660 ரூபாய். பத்து ஆறாகக் குறைந்து, கையில் நிற்பது கூடியிருக்கிறது. கூரியர்காரர் பணம் வசூலிக்கத் தனியாக வாங்கும் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. எனவே வாங்கும் விகிதத்தை ஆர்டரில் கணக்கிடாமல், போய்ச் சேர்ந்து பணம் கைக்கு வந்ததில் கணக்கிடுங்கள்.

அதற்காக ஒரே நாளில் நிறுத்திவிடச் சொல்லவில்லை. நான் செய்வது, கேஷ் ஆன் டெலிவரி கேட்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டரை அனுப்பி, நாயின் கழுத்தளவு என்ன என்று கேட்பது. அளந்து சொல்கிறவர் வாங்கிவிடுவார். பதிலே வராத ஆர்டரை நான் அனுப்புவதில்லை.

6 ஆகஸ்ட் 2025

யூபிஐ க்யூஆர் கோடை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பணம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் ஆர்டர் எண்ணையும் பணத்தையும் பொருத்திப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழும். நாளுக்கு நாலைந்து ஆர்டர் வரைக்கும் தாங்கும்.

29 ஆகஸ்ட் 2025

செப்டம்பர் 5 திருவோணம். கசவுக் கரை போட்ட கழுத்துத்துணி எங்கள் கடையில் இந்த வாரம் நன்றாகப் போகிறது. வீட்டார் எல்லாம் கசவு உடுத்திப் பூக்களத்துக்கு முன்னால் நிற்கும்போது நாயும் நிற்க வேண்டுமாம். என் தந்தையார் இதைப் பார்த்து, மாட்டுக்குப் பொங்கல் என்றால் நாய்க்கு ஓணமா என்று கேட்டுவிட்டுப் போனார். விற்கும் பக்கத்தில் நான் மாற்றியது ஒன்றுதான்: "செப்டம்பர் 1க்குள் ஆர்டர் கொடுத்தால் ஓணத்துக்கு முன் வந்துசேரும்" என்ற வரி. பண்டிகைப் பொருளுக்கு அதைவிட முக்கியமான தகவல் கிடையாது.

12 செப்டம்பர் 2025

கடை திறக்கத் தாமதமாகிறது என்று இரண்டு பேர் எழுதியதால் சகோதரியின் பக்கத்தைச் சோதித்தேன். கைபேசியில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறார். ஒவ்வொன்றும் நான்கு எம்பி, முகப்பில் பத்துப் படங்கள். நாற்பது எம்பியை 8 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க நாற்பது விநாடி ஆகும். ஆனைமலை அடிவாரத்துத் தோட்டங்களில் அந்த வேகமும் கிடைப்பதில்லை. பக்கத்தின் முக்கியப் படம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படங்களை வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவு குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றும் 150 கேபிக்குள் இருக்கும்படி செய்து, கீழே உள்ளவை உருட்டும்போது மட்டும் இறங்கும்படி வைத்தால் போதும்.

3 அக்டோபர் 2025

தீபாவளி 20ஆம் தேதி. பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிப்போகும் நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே கைபேசி எண் பொறித்த பெயர்த் தகடு இந்த மாதம் விற்கும். எழுத்துப் பொறிக்க வேண்டிய பொருளுக்குத் தனி நாள் கணக்கு வேண்டும். பொறிக்க இரண்டு நாள், கூரியர் நாலு நாள் என்று பிரித்துக் காட்டுங்கள். எழுதப்போகும் எண்ணை ஆர்டருக்கு முன் பெரிதாகத் திருப்பிக் காட்டுவதும் அவசியம்; ஓர் இலக்கம் தவறினால் தகடு குப்பைக்குத்தான்.

4 அக்டோபர் 2025

"இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்ற வாசகமும், பின்னோக்கி ஓடும் கடிகாரமும் வைத்தால் உடனே வாங்குவார்கள் என்று ஒரு நண்பர் ஆலோசனை தந்திருக்கிறார். உண்மையிலேயே இரண்டு இருந்தால் வைக்கலாம். பொய்யாக வைத்தால் அது சட்டப்படியே தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் இணையக் கடைகளின் 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. போலி அவசரம் அவற்றில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், விலையைத் துண்டு துண்டாகக் காட்டிக் கடைசியில் கூட்டுவதும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஜூனில் கூரியர் கட்டணம் பற்றி எழுதியதை இத்தோடு சேர்த்துப் படியுங்கள். அதுமட்டுமின்றி, மறுநாள் வந்து பார்க்கிறவருக்கு அதே கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து ஓடினால், பட்டையின் பலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதையும் அவர் நம்பமாட்டார்.

9 நவம்பர் 2025

படுக்கை விற்கவே இல்லை, விற்றாலும் நட்டம் என்பது இந்த வாரக் கேள்வி. நட்டத்தின் காரணம் எடை அல்ல, பருமன். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாகக் கொண்டு, உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவது கூரியர்களின் வழக்கம். 60 க்கு 45 க்கு 20 என்ற பெட்டியில் போகும் படுக்கை ஒன்றரைக் கிலோ இருந்தாலும் 10.8 கிலோவாகக் கணக்காகும். பஞ்சை அமுக்கிக் காற்றை உறிஞ்சிய உறையில் போட்டு உயரத்தை 6 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 3.24 கிலோ. அப்படி அனுப்பும்போது, பிரித்ததும் ஒரு நாள் வெயிலில் வைத்தால் பஞ்சு எழும்பிவிடும் என்று துண்டுச்சீட்டில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் தட்டையான படுக்கையின் படத்தோடு புகார் வரும்.

10 நவம்பர் 2025

பூனைப் பட்டை பற்றிக் கேட்டவருக்கு ஒரே வரி: மரத்திலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டிக்கொண்டால் தானே விடுபடும் பாதுகாப்புக் கொக்கி இருக்கிறதா என்பதைத்தான் வாங்குகிறவர் தேடுகிறார்; கையால் இழுத்ததும் கொக்கி விடுபடும் பத்து விநாடிக் காணொளி ஒன்று, எத்தனை பத்தி எழுதினாலும் செய்யாத வேலையைச் செய்துவிடும்.

23 நவம்பர் 2025

மார்ட்டிங்கேல் பட்டை இப்போது தம் கடையில் அதிகம் விற்கும் பொருளாகிவிட்டது என்றும், ஹார்னஸ் மட்டும் அளவு சேராமல் திரும்பி வருகிறது என்றும் சகோதரி எழுதியிருக்கிறார். திரும்பி வந்தவற்றின் பட்டியலையும் இணைத்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவை ஆறேழு மாதக் குட்டிகளுக்கு வாங்கியவை. வளர்ந்துகொண்டிருக்கும் நாய்க்கு இன்றைய நெஞ்சளவை வைத்து வாங்கினால், பொட்டலம் வந்துசேரும்போதே பட்டியைக் கடைசித் துளை வரை தளர்த்த வேண்டியிருக்கும். ஆர்டர் பக்கத்தில் நாயின் வயது என்று ஒரு கட்டம் சேர்த்து, ஒரு வயதுக்குக் குறைவு என்று போட்டால், அளந்த நெஞ்சளவு ஹார்னஸின் மிகக் குறைந்த அளவுக்கும் நடு அளவுக்கும் இடையில் விழும்படியான அளவைப் பரிந்துரைக்கலாம். மாற்றித் தரும்போது பழையது வந்துசேரும் வரை காத்திருக்காமல், படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு புதியதை அனுப்பிவிடுவது என் வழக்கம். பழையதைப் பொள்ளாச்சி, சித்தூர் வட்டாரத்தில் வாங்கியவரென்றால், அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது கடையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறேன். 60 ரூபாய்க் கூரியர் மிச்சம், வருகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவதும் இல்லை.